வால்வு டிவிக்கு கிடைக்காத ஒரு காயில்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சாலிகிராமம் பக்கம் சினிமாவுக்கு ப்ராப்பர்ட்டி வாடகைக்கு விடுற ஒருத்தர், அவர அண்ணன்னே இங்க சொல்லிக்கிறேன். அவர் குடோன்ல பழைய தையல் மிஷின், டயல் போன், வால்வு ரேடியோ, எச்சில் பணிக்கம் வரைக்கும் இருக்கும். அதுல ஒண்ணுதான் இந்த டிவி. 20 இஞ்ச் கருப்பு வெள்ளை, நாலு காலு, முன்னாடி ரெண்டு பக்கமும் இழுத்து மூடி பூட்டுப் போடுற மர ஷட்டர். மெட்ராஸ்லயே தயாரானது. அந்தக் காலத்துல சாலிடேர், டயனோரான்னு ரெண்டு மூணு பேரு இங்கயே செஞ்சிட்டு இருந்தாங்க, மாம்பலம் மயிலாப்பூர் பரண்கள்ல இன்னும் சிலது தூங்குது. இது எந்தக் கம்பெனின்னு சொல்லல, 40 வருஷத்துக்கு மேல ஓடி முடிச்ச பொருளுக்கு கம்பெனி மேல குறை சொல்றது நியாயம் இல்ல.

வருஷம் எப்படி தெரிஞ்சதுன்னா பின்மூடிக்குள்ள ஒரு பாலிதீன் கவர்ல டிவி லைசென்ஸ் புக் இருந்துது, போஸ்ட் ஆபிஸ் முத்திரை 1978. மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15, அதனால தெருவுக்கு ஒரு டிவி இருந்த சமயத்துல வாங்குனது இது.

படம் 70-கள் கடைசில நடக்குற கதை. ஒரு வீட்டுக் கூடத்துல தெருவே உக்காந்து டிவி பாக்குற சீன் இருக்கு. சாதாரணமா என்ன பண்ணுவாங்கன்னா உள்ள இருக்குற எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஒரு எல்.சி.டி பேனல சொருகிடுவாங்க, இல்ல பச்சைத்துணி ஒட்டி அப்புறம் கிராஃபிக்ஸ்ல சேத்துப்பாங்க. கேமராமேன் ரெண்டுக்கும் ஒத்துக்கல. அவர் கேட்டது ஸ்க்ரீன்ல தெரியுற படம் இல்ல, எதிர்ல உக்காந்திருக்கிற பிள்ளைங்க மூஞ்சில விழுற வெளிச்சம். பிக்சர் டியூப்போட நீலம் கலந்த வெள்ளை, அந்த நடுக்கம், வளைஞ்ச கண்ணாடில தெரியுற ஜன்னல் எல்லாம் எல்.சி.டில வராது, அவர் சொன்னது சரிதான். அப்படித்தான் செட் எங்க பட்டறைக்கு வந்துது, ஷூட்டிங்குக்கு ஒரு மாசத்துக்கும் கொஞ்சம் கம்மியா டைம் இருந்துது.

வந்தப்போ என்ன நெலமை

செட் ஹைபிரிட். ஐ.எஃப் பக்கம், அதாவது ஆன்டெனாலேந்து வந்த சிக்னல பெருசாக்குற பக்கம் டிரான்சிஸ்டர், மத்த கனமான வேலைக்கெல்லாம் வால்வு. லைன் அவுட்புட்டுக்கு (டியூப்புக்குள்ள எலக்ட்ரான் பீம பக்கவாட்டுல இழுக்குறது) பி.எல். 504, டேம்பருக்கு (அதுல திரும்பி வர்ற சக்திய மீட்டுக் குடுக்குறது) பி.ஒய். 88, ஈ.எச்.டி (டியூப்புக்கு வேண்டிய பல ஆயிரம் வோல்ட்) ரெக்டிஃபையருக்கு டி.ஒய். 802, ஃப்ரேமுக்கு (பீம மேலயும் கீழயும் இழுக்குறது) பி.சி.எல். 805, லைன் ஆசிலேட்டருக்கு பி.சி.எஃப். 802, சவுண்டுக்கு பி.சி.எல். 86. டி.ஒய். 802 தவிர எல்லா வால்வு ஹீட்டரும், பிக்சர் டியூப் ஹீட்டரும் சேத்து, சீரியல் செட் பல்பு மாதிரி ஒரே வரிசை, 300 மில்லி ஆம்பியர். ஒண்ணு போனா மொத்தமும் இருட்டு.

சேனல் நாப் இல்ல, வெறும் தண்டு நீட்டிட்டு இருந்துது, யாரோ கட்டிங் பிளேயர் போட்டுத் திருப்பி தண்டு ஓரமெல்லாம் கடிபட்டிருக்கு. ஷட்டர் பட்டைகளப் பின்னாடி சேத்துப் புடிக்கிற துணி மக்கிப் போச்சு. ஸ்பீக்கர் துணில எலி. பிக்சர் டியூப் கழுத்து உடையாம இருந்துது, இதான் பெரிய விஷயம், ஏன்னா காயலான் கடை வழியா வர்ற செட்டுல யோக்குல, அதாவது கழுத்தச் சுத்தி பீம வளைக்குற காயில்ல இருக்குற செம்புக்காக மொதல்ல கழுத்தத்தான் ஒடைப்பாங்க.

முதல் சோதனை

இந்த மாதிரி செட்ட நேரா பிளக்ல சொருகக் கூடாது. சேசிஸே கரண்ட்டோட ஒரு முனை, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம கை வெச்சா ஆள் போயிடுவான், இது பயமுறுத்த சொல்றது இல்ல. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அதுக்கப்புறம் வோல்டேஜ கூட்டிக் கொறைக்குற வேரியாக், அதுக்கப்புறம் சீரியல்ல ஒரு 100 வாட் பல்பு, இந்த வரிசைலதான் குடுத்தோம்.

அதுக்கும் முன்னாடி ஹீட்டர் வரிசைல இருக்குற டயோடப் பாத்தோம். 230 வோல்ட்டுல பாதி அலைய வெட்டி ஹீட்டருக்கு அனுப்புற டயோட் அது, அது ஷார்ட் ஆகி இருந்தா முழு வோல்டேஜும் ஹீட்டருக்குப் போயி ஸ்விட்ச் போட்ட நிமிஷத்துல எல்லா வால்வும், மாத்தவே முடியாத பிக்சர் டியூப்பும் சேந்து பாதிக்கும். டயோட் நல்லா இருந்துது, இருந்தாலும் மாத்திட்டோம், அஞ்சு ரூபா பொருள்.

மெயின் ஃபில்டர் கண்டென்சர் ஒரே அலுமினிய டப்பாக்குள்ள மூணு பிரிவு. ரெண்டு பிரிவு காஞ்சு போச்சு. டப்பாவ அடில சுத்தி அறுத்து, உள்ள இருக்கிறதக் காலி பண்ணிட்டு, 105 டிகிரி தாங்குற புது எலக்ட்ரோலிட்டிக்க உள்ள வெச்சு மூடியாச்சு. இப்ப வர்ற கண்டென்சர் அதே மதிப்புக்கு சைஸ்ல பாதி கூட இல்ல, அதனால இடம் தாராளம்.

வேரியாக்க மெதுவா ஏத்துனப்போ ஹீட்டர் எல்லாம் எரிஞ்சுது, ஸ்பீக்கர்ல இரைச்சல் வந்துது, வால்யூம் திருப்புனா கரகரன்னுது. அதாவது பவரும் சவுண்டும் உசுரோட இருக்கு. ஆனா ஸ்க்ரீன் இருட்டு, கொஞ்ச நேரத்துல பி.எல். 504 வால்வோட ஆனோட் (வெளித் தகடு) ஓரத்துல மங்கலா செவப்பு கட்டிச்சு. ஒடனே ஆஃப் பண்ணிட்டோம்.

பழுது எங்க

பி.எல். 504 செவக்குதுன்னா ரெண்டே வழி. ஒண்ணு கிரிட்டுக்கு (வால்வக் கட்டுப்படுத்துற முனை) ஆசிலேட்டர்லேந்து டிரைவ் அலை வரல, இல்லன்னா டிரைவ் வந்தும் ஆனோட் பக்கம் பாரம் அதிகம். கிரிட்ல அளந்தா மைனஸ்ல நல்ல வோல்டேஜ், ஸ்கோப்ல 15,625 ஹெர்ட்ஸ் பக்கத்துல அலை தெரியுது. ஆசிலேட்டர் மேல தப்பில்ல.

அடுத்து பூஸ்ட் கண்டென்சர மாத்துனோம், பி.ஒய். 88 மாத்துனோம், யோக்க கழட்டிப் பாத்தோம், டி.ஒய். 802 தொப்பியக் கழட்டிப் பாத்தோம். ஒவ்வொண்ணுக்கும் சில செகண்ட்தான் பவர். எதுலயும் செவப்பு நிக்கல. மிச்சம் இருந்தது எல்.ஓ.டி, லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

எல்.ஓ.டிய மூடியிருக்குற கேஜ் கூண்டத் தொறந்தா அடில மெழுகு உருகி உறைஞ்சு கெடக்கு. எல்.ஓ.டில ரெண்டு காயில், ஃபெரைட் கோரோட ஒரு பக்கத்துல பிரைமரி, இன்னொரு பக்கத்துல தட்டையா அடை மாதிரி ஓவர்வைண்டிங். பிரைமரில வர்ற சில ஆயிரம் வோல்ட்ட ஏத்தி டியூப்புக்கு 16, 17 ஆயிரம் வோல்ட் குடுக்குறது இந்த ஓவர்வைண்டிங். அதோட ஓரத்துல பென்சில் முனை அளவுக்கு கருப்பு ஓட்டை, அங்கிருந்து உள்ள ஒரு கரிக்கோடு. உள்ள சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு.

இங்க ஒரு நுணுக்கம், புதுசா வர்ற பசங்க அடிக்கடி ஏமாறுற எடம். ஓவர்வைண்டிங் ஒயர வெட்டி விட்டா போதும்னு நெனப்பாங்க. போதாது. ஷார்ட் ஆன சுத்து கோர் மேல இருக்குற வரைக்கும் அது தனியா ஒரு மூடுன வளையம், ஒயர் எங்கயும் சேராட்டியும் சக்திய உறிஞ்சிட்டே இருக்கும். காயிலையே கோர்லேந்து உருவணும். கிளாம்ப லூஸ் பண்ணி, ரெண்டு யூ கோருக்கும் நடுவுல இருக்குற மெல்லிய பேப்பர் துண்டுகளத் தொலைக்காம எடுத்து வெச்சிட்டு, ஏன்னா அந்த இடைவெளிதான் இண்டக்டன்ஸ முடிவு பண்ணுது, ஓவர்வைண்டிங்க உருவி வெளிய எடுத்தோம். திரும்ப கோர மாட்டி கம்மி வோல்டேஜ்ல ஆன் பண்ணா பி.எல். 504 செவக்கல, பூஸ்ட் வோல்டேஜ் ஏறுது, காதுல மெல்லிசா அந்த கீச்சு சத்தம். பிரைமரி நல்லா இருக்கு, போனது ஓவர்வைண்டிங் மட்டும். இனி மொத்த கதையும் இந்த ஒரு காயில்தான்.

தேடல்

ரிச்சி ஸ்ட்ரீட்ல மொதல்ல கேட்டோம். ஈ.எச்.டின்னு சொன்னா கலர் டிவி ஃப்ளைபேக்க (கலர் டிவில எல்.ஓ.டி வேலைய பண்ற டிரான்ஸ்ஃபார்மர்) எடுத்து நீட்டுறாங்க, பழைய கடைக்காரர் ஒருத்தர் மட்டும் 14 இஞ்ச் போர்ட்டபிள் டிரான்சிஸ்டர் செட்டுக்கான ஒண்ணக் குடுத்தாரு. அது 12 வோல்ட்டுல ஓடுற செட்டுக்கானது, இதோட சேராது. கோர் குறுக்களவும் வேற. 1985-ல மூர் மார்க்கெட் எரியாம இருந்திருந்தா அங்க கெடச்சிருக்கும்னு கடைல ஒருத்தர் பெருமூச்சு விட்டாரு, நமக்கு அதால ஒண்ணும் ஆகப் போறதில்ல.

அடுத்து டோனர் செட், அதாவது பாகம் கழட்டிக்க இன்னொரு பழைய செட். அண்ணன் தனக்குத் தெரிஞ்ச காயலான் கடைங்களுக்கெல்லாம் போன் போட்டாரு. அதே மாடல் ஒண்ணு காஞ்சிபுரம் பக்கம் மாட்டுச்சு, போயிப் பாத்தா கேபினட்டும் டியூனரும்தான் மிச்சம், யோக்கும் எல்.ஓ.டியும் செம்புக்கு எடைக்குப் போயாச்சு. இன்னொண்ணு மாம்பலத்துல ஒரு வீட்டுல முழுசா இருந்துது. அந்த வீட்டுப் பெரியம்மா விக்க மாட்டேன்னுட்டாங்க, "அவர் வாங்குனது, நான் இருக்குற வரைக்கும் இருக்கட்டும்ப்பா"ன்னாங்க. அதுக்கு மேல வற்புறுத்துறது முறையில்ல. ஆனா நாப்ப மட்டும் ஒரு வாரத்துக்கு இரவல் குடுத்தாங்க, அது எவ்வளவு பெரிய உதவின்னு கீழ வரும்.

வெளிநாட்டு பழைய ஸ்டாக் இணையத்துல தேடுனா ஐரோப்பாக்காரங்க கிட்ட எல்.ஓ.டி இருக்கு. ஆனா மாடலுக்கு மாடல் டேப் (காயில் நடுவுலேந்து வெளிய எடுக்குற ஒயர்) எண்ணிக்கை வேற, பொருந்தும்னு யாரும் உறுதி குடுக்கல, பார்சல் வந்து சேர்ற தேதியும் நம்ம கையில இல்ல. அந்த வழிய அங்கயே விட்டாச்சு.

மூணாவது, திரும்ப சுத்துறது. 70 வயசத் தாண்டுன ஒரு மெக்கானிக் இருக்காரு, அந்தக் காலத்துல எல்.ஓ.டி ரீவைண்டிங்கே தொழிலா வெச்சிருந்தவர். காயில கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு சொன்னாரு:

"தம்பி, இது நேர் சுத்து இல்ல, குறுக்கும் நெடுக்குமா வேவ் வைண்டிங். அதுக்கு கேம் வெச்ச மிஷின் வேணும், எங்கிட்ட இருந்தத எப்பவோ எடைக்குப் போட்டுட்டேன். கையில அடுக்கி சுத்துனா ரெண்டு நாள் ஓடும், மூணாம் நாள் பொகையும்."

"மிஷின் ஒண்ணு செஞ்சிட்டா, அய்யா?"

"செய்யலாம். சுத்துனதுக்கப்புறம் காத்து இல்லாம மெழுகு ஏத்தணும், ஒரு குமிழி நின்னாலும் அங்க பொறி அடிக்கும். உனக்கு ஆறு மாசம் இருக்கா?"

இல்ல. அவர் சொன்னதுல இன்னொரு விஷயமும் இருந்துது. வேவ் வைண்டிங் அழகுக்கு இல்ல, பக்கத்துப் பக்கத்து சுத்துக்கு நடுவுல வோல்டேஜ் வித்தியாசத்தையும் காயிலோட சொந்த கெப்பாசிட்டன்ஸையும் கொறைக்கத்தான். அத விட்டுட்டு நம்பர் கணக்கு மட்டும் பாத்து சுத்துனா ரீட்ரேஸ் நேரமே, அதாவது பீம் ஒரு கோடு வரைஞ்சு திரும்பி வர்ற நேரமே மாறிடும்.

எடுத்த முடிவும் காரணமும்

இந்த எடத்துல கேள்விய மாத்திக்கிட்டோம். காயில் எங்க கெடைக்கும்னு கேக்குறத விட்டுட்டு காயில் பண்ணுன வேலைய வேற எது பண்ணும்னு கேட்டா பதில் ரொம்ப பக்கத்துலயே இருக்கு. ஓவர்வைண்டிங் பண்றது வோல்டேஜ ஏத்துறது மட்டும்தான். பி.எல். 504 ஆனோட்லயே ரீட்ரேஸ் நேரத்துல 5,000 வோல்ட்டுக்கு மேல பல்ஸ் வருது. அத ஒரு ட்ரிப்ளருக்குக் குடுத்தா மூணு மடங்கு, 15, 16 ஆயிரம். 70-கள்ல கலர் டிவிலயே இத பண்ணாங்க, அங்க எட்டாயிரம் சொச்சம் பல்ஸ ட்ரிப்ளர் 25,000 ஆக்கும். நம்ம டியூப்புக்கு அவ்வளவு வேண்டாம்.

வேற வழி இல்லாம இல்ல. தனியா ஒரு சின்ன ஃப்ளைபேக் சர்க்யூட் போட்டு ஈ.எச்.டிய அதுலேந்து எடுக்கலாம், சிலர் அப்படி பண்றாங்க. எங்களுக்கு அது பிடிக்கல. லைன் ஸ்டேஜ் நின்னு போனாலும் தனி ஈ.எச்.டி ஓடிட்டே இருக்கும், அப்போ பீம் நடுவுல ஒரே கோடா நின்னு ஸ்க்ரீனுக்குள்ள பூசுன பாஸ்ஃபர எரிச்சிடும். ட்ரிப்ளர்ல அந்த பயம் இல்ல, ஸ்கேன் நின்னா ஈ.எச்.டியும் தானா நிக்கும். டியூப்ப காப்பாத்துறதுதான் எல்லாத்துக்கும் மேல. பிக்சர் டியூப் ரீபில்ட் பண்ற தொழிலே உலகத்துல கிட்டத்தட்ட அத்துப் போச்சு, அமெரிக்கால அயோவா மாநிலத்துல டெமாயின் ஊர்ல இருந்த ஹாக்-ஐ கூட 2010-ல மூடிட்டாங்க, அவங்க மிஷின்களே ஓஹையோல இருக்குற டிவி மியூசியத்துக்குப் போயிடுச்சு.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாரு. "நாளைக்கு ஒரிஜினல் காயில் கெடச்சா திரும்ப மாட்ட முடியணும். துளை போடக் கூடாது, வெட்டக் கூடாது." நாங்களும் அததான் நெனச்சிருந்தோம்.

ட்ரிப்ளர் செஞ்சது

20,000 வோல்ட் தாங்குற வேகமான ஹை வோல்டேஜ் டயோட் அஞ்சு, ஹை வோல்டேஜ் கண்டென்சர் நாலு. கடைசி ஃபில்டருக்கு தனி கண்டென்சர் வேண்டாம், பிக்சர் டியூப்போட உள் பூச்சுக்கும் வெளி கரிப்பூச்சுக்கும் நடுவுல இருக்குற கெப்பாசிட்டன்ஸே அந்த வேலைய பாக்கும், அதனாலதான் வெளிப்பூச்சத் தொடுற எர்த் ஸ்பிரிங் சரியா அழுத்தி இருக்கணும். இந்த செட்டுல அது துருப்பிடிச்சு ஆடிட்டு இருந்துது, மாத்துனோம்.

சால்டர் பண்ணும்போது ஒவ்வொரு ஜாயிண்டும் உருண்டையா இருக்கணும், கூர்முனை நீட்டுனா அங்கேந்து காத்துல கசியும், இருட்டுல பாத்தா ஊதா கலர்ல தெரியும். ஜாயிண்ட் முடிஞ்சதும் அக்ரிலிக் டப்பால வெச்சு சிலிக்கான் ஊத்துனோம். பாத்ரூம்ல பூசுற சிலிக்கான் கூடாது, காயும்போது புளிப்பு வாடை அடிக்குதுல்ல, அந்த அமிலம் செம்ப அரிக்கும். நியூட்ரல் கியூர்னு எழுதுன ரெண்டு பாகம் கலக்குற சிலிக்கான்தான். கலக்குனத வேக்கம் பம்ப்ல வெச்சு குமிழி எடுத்துட்டு ஊத்துனோம். டப்பா சைஸ பழைய ஓவர்வைண்டிங் இருந்த எடத்துக்கே அளவு எடுத்ததால கேஜுக்குள்ள அழகா உக்காந்துது, புடிக்க பழைய ஸ்க்ரூ துளையவே பயன்படுத்துனோம்.

இதுக்கப்புறம்தான் உண்மையான வேலை. ஓவர்வைண்டிங் இல்லாததால அதோட கெப்பாசிட்டன்ஸும் போச்சு, ரீட்ரேஸ் சுருங்குது, சுருங்குனா பல்ஸ் உயரம் ஏறுது. பி.எல். 504-க்கு ஆனோட் பல்ஸ் எல்லை 7,000 வோல்ட், அதத் தாண்டக் கூடாது. அதனால ஆனோட்லேந்து சேசிஸுக்கு சின்னதா ஒரு ஹை வோல்டேஜ் கண்டென்சர் போட்டு ட்யூன் பண்ணணும். பெரிய மதிப்புல ஆரம்பிச்சு படிப்படியா கொறைக்கணும், சின்னதுல ஆரம்பிச்சா மொத ஆன்லயே வால்வு போயிடலாம். ஸ்கோப் ப்ரோப நேரா ஆனோட்ல வைக்க முடியாது, எரிஞ்சிடும், கேஜ் பக்கத்துல ஒரு வளைய ஒயர தொங்கவிட்டு அதுல ஏறுற அலையப் பாத்து ரீட்ரேஸ் அகலத்த அளந்தோம். பிளாங்கிங்க்கு, அதாவது ரெண்டு கோட்டுக்கு நடுவுல பீம் அணைஞ்சிருக்குற நேரத்துக்கு 12 மைக்ரோ செகண்ட்தான், அதுக்குள்ள ரீட்ரேஸ் முடிஞ்சாகணும். 220 பி.எஃப் கண்டென்சர் ரெண்ட சீரியல்ல போட்டப்போ கணக்கு ஒத்து வந்துது. மொதல்ல போட்ட சாதாரண நீல டிஸ்க் கண்டென்சர் கொஞ்ச நேரத்துல கை வைக்க முடியாத சூடு. அந்த செராமிக்ல இந்த ஃப்ரீக்வென்சிக்கு நஷ்டம் அதிகம். பல்ஸுக்குன்னு வர்ற பாலிப்ரோப்பிலீன் கண்டென்சர்கள வரிசையா கோத்துப் போட்டதும் சூடு அடங்கிச்சு.

ஈ.எச்.டிய வோல்டேஜ ஆயிரத்துல ஒண்ணா கொறைச்சுக் காட்டுற ப்ரோப் வெச்சு அளந்தப்போ 15,000-க்கு மேல. படத்தோட அகலத்த மாத்துற விட்த் ப்ரீசெட்ட கொஞ்சம் திருப்பி 16,000-கிட்ட கொண்டு வந்து நிறுத்துனோம், அதுக்கு மேல ஆசைப்படல. ராஸ்டர், அதாவது ஸ்க்ரீன் நெறைய வெளிச்சக் கோடுங்க வந்துது. ரெண்டு ஓரத்துலயும் ஒரு விரல் அகலத்துக்கு கருப்பு இருந்துது, லீனியாரிட்டியும் இடது பக்கம் லேசா இழுத்திருந்துது. கண்டென்சர இன்னும் கொஞ்சம் சரி பண்ணதுல ஓரம் பெருசா நிரம்பிடுச்சு, இழுப்பு முழுசா போகல. கேமராமேனுக்கு போட்டோ அனுப்பினோம், "அப்படியே இருக்கட்டும் சார், அந்தக் கால செட்டு எது ஒழுங்கா இருந்துது"ன்னாரு.

நாப்பும் ஷட்டரும்

மாம்பலத்து நாப் வந்த அன்னிக்கே மோல்டு எடுத்தோம். நாப்ப சோப்புத் தண்ணில கழுவி, துணில தொடச்சு, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துல நிறுத்தி மோல்டிங் சிலிக்கான் ஊத்துனா மறுநாள் உருவிடலாம். சிலிக்கான் அந்த பிளாஸ்டிக்க ஒண்ணும் பண்ணாது, ஆனாலும் உள்பக்கத்துல ஒரு துளி வெச்சுப் பாத்துட்டுதான் முழுசா ஊத்துனோம், இரவல் பொருள் இல்லயா. ரெசின்ல கருப்பு பிக்மென்ட் கலந்து ஊத்துனோம். தண்டு போற ஓட்டைய மட்டும் ரெசின்ல விடல, நம்ம தண்டு கடிபட்டு தேஞ்சு போனதால லேத் பட்டறைல ஒரு பித்தளை புஷ் கடஞ்சு உள்ள பதிச்சோம். டியூனர் திரும்பும்போது ஒவ்வொரு சேனலுக்கும் டக்கு டக்குன்னு நல்ல விசை வேணும், வெறும் ரெசின் அத ரொம்ப நாள் தாங்காது. நடுவுல இருக்குற அலுமினிய வட்டத்தையும் அங்கயே கடஞ்சு குடுத்தாங்க. சேனல் நம்பர எழுதுனது ஆர்ட் டிபார்ட்மென்ட்டுல இருக்குற ஒரு பெயின்டர், ஒத்த முடி பிரஷ் வெச்சு. ஒரிஜினல விட அழகா இருந்துது, அதனால கொஞ்சம் அழுக்காக்கச் சொன்னாங்க. மாம்பலத்து நாப்ப சொன்ன தேதிக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்தாச்சு, கூட ஒரு நகலும்.

ஷட்டர் பட்டைகள ஆசாரி ஒருத்தர் வரிசையா அடுக்கி புது கேன்வாஸ்ல ஒட்டிக் குடுத்தாரு. டியூனருக்கு கான்டாக்ட் கிளீனர் போட்டதே போதும்.

சிக்னல்

செட் வேலை செஞ்சா மட்டும் போதாது, பாக்கறதுக்கு என்ன இருக்கு? தூர்தர்ஷனோட தரைவழி அனலாக் ஒளிபரப்பு இங்க நின்னாச்சு. செட்டோ வி.எச்.எஃப் மட்டும் புடிக்கும். கேபிள் ஆபரேட்டர் ஒருத்தர் கன்ட்ரோல் ரூம்ல டிஜிட்டலுக்கு மாறுனப்ப கழட்டிப் போட்ட, வீடியோவ சேனல் சிக்னலா மாத்துற மாடுலேட்டர் குவிஞ்சு கெடந்துது, அதுல வி.எச்.எஃப்ல நம்ம டியூனர்ல இருக்குற சேனல்ல ஒண்ணு மாட்டுச்சு. பென் டிரைவ் பிளேயர்லேந்து வீடியோ, மாடுலேட்டர், அப்புறம் 75 ஓம்ஸ 300-க்கு மாத்துற சின்ன பேலன் (balun) டிரான்ஸ்ஃபார்மர், அதுலேந்து செட்டோட ரெண்டு ஆன்டெனா ஸ்க்ரூ. கலர் சிக்னல அப்படியே குடுத்தா கருப்பு வெள்ளை ஸ்க்ரீன்ல மெல்லிசா புள்ளி புள்ளியா ஓடும், 4.43 மெகா ஹெர்ட்ஸ் கலர் சப்கேரியர் அது. பிளேயர்ல சாச்சுரேஷன பூஜ்ஜியம் ஆக்கிட்டு எடிட் பண்ண படத்தையும் கருப்பு வெள்ளையாவே குடுத்தோம், சுத்தமாச்சு.

ஷூட்டிங்ல

லொகேஷன் ஈ.சி.ஆர் பக்கம் ஒரு பழைய வீடு. எங்க ஆள் ஒருத்தர் கூடவே இருந்தாரு, செட்ட ஆன் பண்றது ஆஃப் பண்றது அவர் மட்டும்தான், பின்மூடிய வேற யாரும் தொடக் கூடாதுன்னு எழுதியே ஒட்டியிருந்தோம். ஆஃப் பண்ணதுக்கப்புறமும் டியூப்புலயும் ட்ரிப்ளர் கண்டென்சர்லயும் சார்ஜ் நிக்கும், ரெசிஸ்டர் வெச்ச குச்சியால எர்த்துக்கு இறக்காம ஆனோட் தொப்பில கை வைக்க முடியாது.

கேமரா விஷயத்துல முன்னாடியே பேசி வெச்சது நல்லதாப் போச்சு. டிவி செகண்டுக்கு 50 ஃபீல்டு, சினிமா 24 ஃபிரேம். 24-ல சாதாரணமா வெக்கிற 180 டிகிரி ஷட்டர வெச்சா ஸ்க்ரீன்ல பட்டை நகரும். 172.8 டிகிரி வெச்சா எக்ஸ்போஷர் சரியா 50-ல ஒரு செகண்ட் ஆகி பட்டை ஒரு மெல்லிய கோடா சுருங்கும், ஆனாலும் நகரும். 25 ஃபிரேம்ல 180 டிகிரி வெச்சா கோடு கிட்டத்தட்ட நின்னுடும். டிவி ஃபிரேம்ல தெரியுற ஷாட் எல்லாம் 25-ல, மூஞ்சி மட்டும் தெரியுற ஷாட் 24-லன்னு பிரிச்சுக்கிட்டாங்க.

ராத்திரி ஷூட்டிங்ல நடுவுல உஸ்ஸுன்னு ஒரு சத்தம், ஓசோன் வாடை. கடல் காத்து ஈரம். நிறுத்தி, சார்ஜ் இறக்கி, ஆனோட் தொப்பியக் கழட்டிப் பாத்தா அதுக்கு அடில கண்ணாடில பழைய தூசி ஈரத்துல படலமா ஆகியிருக்கு. ஸ்பிரிட் போட்டு தொடச்சு, ஹேர் டிரையர்ல காய வெச்சு, தொப்பி விளிம்புல சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுனதும் சத்தம் போச்சு. ட்ரிப்ளர் பக்கம் எதுவும் இல்ல. அரை மணி நேரம் யூனிட் காத்திருந்துது, ப்ரொடக்ஷன் மேனேஜர் மூஞ்சியப் பாக்காம வேலைய முடிச்சோம்.

அதுக்கப்புறம்

அந்தக் காட்சி முடிஞ்சு செட் குடோனுக்குத் திரும்பிச்சு, இப்ப வேற ரெண்டு படத்துக்கும் ஒரு விளம்பரத்துக்கும் போயிட்டு வந்திருக்கு. ட்ரிப்ளர தொடல. பி.எல். 504 ஒண்ணு மட்டும் மாத்துனோம், அது வயசானது, எமிஷன் கொறஞ்சு விட்த் சுருங்க ஆரம்பிச்சிருந்துது. டி.ஒய். 802 அதோட சாக்கெட்ல சும்மா நிக்குது, பாக்கறவங்களுக்கு செட் முழுசாவே தெரியும். கெட்டுப் போன ஓவர்வைண்டிங் ஒரு கவர்ல, எந்த ஒயர் எங்க இருந்துதுன்னு வரைஞ்ச தாளோட சேத்து கேபினட் உள்பக்கம் கட்டி இருக்கு.

செலவுல ட்ரிப்ளர் பாகங்கள் 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. நாப்புக்கு அத விட அதிகம் ஆச்சுன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

அடுத்த செட்டுக்கு மாத்துறது

இதே மாதிரி இன்னொரு செட் இப்ப பட்டறைல இருக்கு, அதுல சிலத மாத்திப் பண்றோம். பி.எல். 504 கேத்தோட்ல ஒரு ஃபியூஸ் மொதல்லயே போட்டாச்சு, சோதனை பண்ற நேரத்துல டிரைவ் நின்னாலும் எல்.ஓ.டி பிரைமரி வேகாது. பல்ஸ் கண்டென்சர ஆரம்பத்துலேந்தே பாலிப்ரோப்பிலீன்ல. ஆனோட் தொப்பிய செட் பட்டறைக்கு வந்த அன்னிக்கே கழட்டி சுத்தம் பண்றது, இடம் ஈரமா காய்ஞ்சதான்னு பாக்காம. நல்லா ஓடுற எல்.ஓ.டி உள்ள செட் கையில வந்தா அத பிரிக்காமலே ஒவ்வொரு டேப்புக்கும் நடுவுல இண்டக்டன்ஸும் ரெசிஸ்டன்ஸும் அளந்து எழுதி வெக்கிறோம், ஏன்னா கெட்டதுக்கப்புறம் அளக்க ஒண்ணும் இருக்காது. மாம்பலத்துப் பெரியம்மாவே அதுக்கு ஒத்துக்கிட்டாங்க, மீட்டரோட போயி ஒரு மத்தியானம் அளந்துட்டு வந்தோம்.

வேவ் வைண்டிங் மிஷினும் ஒண்ணு செஞ்சிட்டு இருக்கோம், ஸ்டெப்பர் மோட்டார் ரெண்டு வெச்சு. பெரியவர் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பாத்துட்டு கேம் கோணம் தப்புங்குறாரு. மோட்டார்ல கேம் கிடையாது அய்யான்னா, அப்ப ப்ரோக்ராம்ல கோணம் தப்புங்குறாரு. போன தடவை அவர் சொன்ன எண்ணப் போட்டு சுத்துனது வழுக்காம நின்னுது, மெழுகு ஏத்துறது இனிமேதான்.